முப்பத்து மூன்றாவது பெயர்

எங்கள் எலும்பு சிகிச்சைப் பிரிவில் டாக்டர்கள் வருவார்கள், போவார்கள். நான் மட்டும் பதினோரு வருடமாக அதே நாற்காலியில் இருக்கிறேன். பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்களின் விண்ணப்பம், நேர்காணல், விடுப்பு, சண்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். மார்லா ஷ்ரோடர் என்ற என் பெயர் மில்வாக்கி நகரத்தில் வேறு யாருக்கும் தெரியாது, ஆனால் இந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரைப் பார்த்து மறந்துவிட்டேன். டேரல் வோய்சிக்கைத்தான் மறக்க முடியவில்லை. மறந்தால் எனக்கு நல்லது.

அவன் எங்களிடம் வந்தது ஒரு ஜூலை மாதம். ஆறடி மூன்றங்குலம் உயரம், முப்பத்தொரு வயது. டாக்டர் கோட்டை யாரோ சின்னத் தம்பியிடமிருந்து இரவல் வாங்கியதைப் போலப் போட்டிருந்தான். வாசலில் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டான். என் அறைக்குள் அனுமதி கேட்டு வந்த முதல் டாக்டர் அவன்தான். அதிலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று.

டாக்டர் என்று சொல்கிறேனே தவிர, அவன் கையில் பட்டம் மட்டும்தான் இருந்தது. பயிற்சி இடம் கிடைக்காத டாக்டர் அமெரிக்காவில் ஒரு தலைவலி மாத்திரைகூட எழுதித் தர முடியாது. அந்த இடத்தைக் கொடுக்கும் முறையைக் கண்டுபிடித்தவர்களை நான் மனதுக்குள் திட்டாத வருடம் இல்லை. மாணவன் தனக்குப் பிடித்த மருத்துவமனைகளை வரிசையாக எழுதித் தருவான். மருத்துவமனையும் மாணவர்களை வரிசையாக எழுதித் தரும். இரண்டையும் ஒரு கணினி பொருத்திப் பார்க்கும். பொருந்திவிட்டால் மறுபேச்சு கிடையாது, போயே ஆக வேண்டும். பொருந்தாவிட்டால் அடுத்த மார்ச் வரை சும்மா இருக்க வேண்டும். யாரை எத்தனையாவது இடத்தில் எழுதியிருக்கிறது என்பதை மட்டும் யாரும் வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் என் வேலை போய்விடும்.

டேரல் முந்தின மார்ச்சில் பொருந்தாதவன். எலும்பு சிகிச்சைக்கு மட்டும் விண்ணப்பித்து ஓர் இடமும் கிடைக்காமல், எங்கள் தலைவர் டாக்டர் ஹெல்ஸ்ட்ரமிடம் ஆராய்ச்சி உதவிக்கு வந்து சேர்ந்தான். என் அறைக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதில் உட்கார்ந்து இடுப்பு எலும்புகளின் எக்ஸ்ரே படங்களில் கோடு போட்டுக் கோணம் அளப்பான். அந்த வருடம் மட்டும் ஆயிரத்து நானூறு இடுப்புகள். கட்டுரைகள் வெளிவந்தபோது முதல் பெயர் டாக்டர் ஹெல்ஸ்ட்ரமுடையதாக இருந்தது. டேரல் அதைப் பற்றி ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. நான்தான் அவனுக்கும் சேர்த்துச் சுளித்தேன்.

மருத்துவம் படிப்பதற்கு முன்னால் ஆறு வருடம் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவன் அவன். என் காரில் சூடு வராமல் நவம்பர் குளிரில் நான் பல் தந்தியடித்துக்கொண்டு வருவதைப் பார்த்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கீழே போய்ச் சரிசெய்து கொடுத்தான்.

"இவ்வளவு நல்லா வண்டி பாக்குறவன் ஏன்பா எலும்புக்கு வந்தே?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் மார்லா. அதே சுத்தியல், அதே துளைக்கிற மெஷினு, அதே திருகாணி. இங்க வண்டி மூச்சு விடுது, அவ்வளவுதான்."

"மூச்சு நின்னா?"

"அதுக்குத்தான் மயக்க மருந்து டாக்டர் தலைமாட்டுல உக்காந்து ஊர்க்கதை பேசுறாரே!"

வெள்ளிக்கிழமைகளில் அவனுடைய மாமாவின் பால்பண்ணையிலிருந்து சீஸ் கட்டிகள் ஒரு பை நிறையக் கொண்டுவருவான். காலையில் செய்த சீஸ் பல்லில் பட்டால் கீச்சென்று சத்தம் வர வேண்டும், அதுதான் எங்கள் ஊர்க் கணக்கு. சத்தம் வராத பையை அவன் எங்களுக்குக் கொடுக்கவே மாட்டான். இப்படிப்பட்டவனை யாருக்குத்தான் பிடிக்காது? எல்லோருக்கும் பிடித்தது. பிடித்து என்ன பிரயோசனம்?

அவன் மனைவி ஜோலீன் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தாள். வடக்கே ரைன்லேண்டர் அவளுடைய ஊர். அங்கே அவளுடைய அம்மா முழங்கால் வலியோடு தனியாக இருந்தாள். அந்தப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் குடும்ப மருத்துவப் பயிற்சி உண்டு. ஜோலீன் சொன்னதற்காக டேரல் இந்த இரண்டாவது முயற்சியில் அதற்கும் ஒரு விண்ணப்பம் போட்டான். அவர்கள் அவனை அழைத்துப் பேசி, மதியம் மீன் வறுவல் வாங்கிக்கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். ஊர்க்காரி புருஷன், பட்டறையில் வேலை பார்த்தவன், தலைக்கனம் இல்லாதவன். வேறென்ன வேண்டும் அவர்களுக்கு?

ஆனால் அவன் மனம் எலும்பில்தான் இருந்தது. எலும்பு சிகிச்சைக்கு மூன்று இடங்களில் நேர்காணல் கிடைத்தது. அதில் ஒன்று நாங்கள்.

எங்களிடம் ஐந்து இடம். நேர்காணலுக்கு வந்தவர்கள் அறுபத்தொரு பேர். பிப்ரவரி முதல் வாரத்தில் பட்டியல் போடும் கூட்டம் நடந்தது. சுவரில் பெரிதாகப் பெயர்கள் தெரியும். டாக்டர்கள் மேலே ஏற்று, கீழே இறக்கு என்பார்கள். கணினியில் பெயரைப் பிடித்து இழுக்கும் வேலை என்னுடையது. நேர்காணல் மதிப்பெண்படி டேரல் பதினாலாவது இடத்தில் இருந்தான். முதல் பெயர்களில் பலர் வேறு மருத்துவமனைக்குப் போய்விடுவார்கள்; ஆனாலும் நான் வந்ததிலிருந்து எங்கள் ஐந்து இடங்களும் பதினேழாவது பெயரைத் தாண்டிக் கீழே போனதே இல்லை. பதினாலு நல்ல இடம். நான் மேசைக்கடியில் விரலைப் பின்னி வைத்துக்கொண்டிருந்தேன்.

"வோய்சிக் போன வருஷம் பொருந்தலை இல்ல?" என்றார் ஒரு பேராசிரியர்.

"ஆமா. ரெண்டாம் வருஷப் பரீட்சையில ஒரு தடவை தோத்திருக்கான்," என்றார் இன்னொருவர்.

"அம்பது அறுபது இடத்துல யாருமே எடுக்கலைன்னா ஏதாவது காரணம் இருக்கணுமே."

பாருங்கள் நியாயத்தை! ஒரு கடையில் விற்காத ரொட்டியை அடுத்த கடைக்காரனும் தொட மாட்டான். ஏன் விற்கவில்லை என்று முகர்ந்துகூடப் பார்க்க மாட்டான். எல்லோரும் டாக்டர் ஹெல்ஸ்ட்ரமைப் பார்த்தார்கள். ஆயிரத்து நானூறு இடுப்புகளை வாங்கிக்கொண்டவர் அவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டேரல் நல்ல மனுஷன்," என்றார்.

எங்கள் கூட்டத்தில் ஒருவனை நல்ல மனுஷன் என்று மட்டும் சொன்னால் கதவைச் சாத்தியாயிற்று என்று அர்த்தம். நல்ல கை என்று சொல்ல வேண்டும், நல்ல மூளை என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை. "கீழே கொண்டுபோங்க மார்லா, முப்பதுக்கு அப்புறம் எங்கேயாவது," என்றார். நான் இழுத்தேன். என் கையால்தான் இழுத்தேன். முப்பத்து மூன்றில் விட்டேன். எனக்கு வாக்கு கிடையாது, வாயும் கிடையாது. கூட்டம் முடிந்ததும் காப்பிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் கடிதம் போனது. நேர்காணலுக்கு வந்த எல்லோருக்கும் டாக்டர் ஹெல்ஸ்ட்ரம் பெயரில் நன்றிக் கடிதம் அனுப்புவோம். மின்னஞ்சல் மரியாதை இல்லை என்பார் அவர். கெட்டிக் காகிதத்தில் அச்சடித்து, அவருடைய கையெழுத்து முத்திரையை நீல மையில் தொட்டுக் குத்தி, நானே உறையிலிட்டு அனுப்புவேன். அந்தக் கடிதத்தை எட்டு வருடத்துக்கு முன்னால் எழுதியது நான்தான். 'உங்களைப் பற்றி நாங்கள் மிக உயர்வாக நினைக்கிறோம்' என்று அதில் ஒரு வரி. முதலில் 'உயர்வாக' என்று மட்டும் எழுதியிருந்தேன். வரி குட்டையாக, பாதியில் நின்றதுபோல இருந்தது. 'மிக' என்று ஒன்றைச் சேர்த்தேன். பார்வைக்கு நன்றாக ஆகிவிட்டது. அவ்வளவுதான் அந்த 'மிக'வுக்குக் காரணம்.

அறுபத்தொரு பெயருக்கும் சேர்த்து அச்சுப் பொத்தானை அழுத்தினேன். பக்கத்து அறையில் இருப்பவனுக்கும் ஒன்று போகிறதே என்று எனக்கு உறைக்கவில்லை.

மாணவர்களும் மருத்துவமனைகளும் இனி மாற்ற முடியாதபடி தங்கள் பட்டியலைப் பூட்ட வேண்டிய நாளுக்கு முந்தின நாள், மார்ச் முதல் வாரம், மதியம் டேரல் என் அறைக்கு வந்தான். ஐஸ்கிரீம் டப்பாவில் கொண்டுவந்த சாப்பாட்டை என் மேசையிலேயே வைத்துச் சாப்பிட்டான்.

"மார்லா, ஒண்ணு கேக்கணும். என் பட்டியல்ல கடைசியா ரைன்லேண்டரைப் போடட்டுமா, வேண்டாமா?"

எனக்கு உயிர் வந்தது. "போடு கண்ணு, போட்டு வை. கடைசியிலதானே போடுறே. மேல உள்ளது கெடைச்சா அது தானா விழுந்துடும். உனக்கு என்ன கொறைஞ்சுடப் போவுது?"

"கெடைக்கலைன்னா அங்க போயே ஆகணுமே. அப்புறம் எலும்பு அதோட போச்சு. காய்ச்சல், இருமல்னு ஆயுசு ஓடிடும்."

"காய்ச்சலும் வியாதிதானேப்பா. ஜோலீன் என்ன சொல்றா?"

"அவ ரெண்டு மாசமா போடு போடுன்னுதான் உசிரை எடுத்தா. அம்மா அங்க தனியா இருக்காங்கள்ல. அங்க ஒரு பல் டாக்டர்கிட்ட வேலைக்கும் சொல்லி வெச்சிருந்தா." சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தான். "இது வந்ததும் அவளே வேண்டாம்னுட்டா. அந்த வேலையையும் வேற ஆளுக்குக் குடுத்துடச் சொல்லிட்டா."

என் கடிதம். நாலாக மடித்து, மடிப்பு நைந்துபோயிருந்தது.

"போன வருஷம் ஒரு எடத்துல இருந்து இதே மாதிரி வந்துச்சு. ஆனா அதுல 'உயர்வாக'ன்னுதான் இருந்துச்சு. இதப் பாருங்க, 'மிக உயர்வாக'. டாக்டர் ஒரு வார்த்தை அதிகம் பேசுற ஆளா? நீங்களே சொல்லுங்க. அவரே போட்டிருக்காரு!"

நான் அந்த 'மிக'வைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"கையெழுத்து அச்சா இருக்குமோன்னு ஜோலீனுக்குச் சந்தேகம். வெரலை எச்சில் பண்ணி ஓரமாத் தேச்சுப் பாத்தா. மை கலைஞ்சுது. 'அட, நெஜமாவே உக்காந்து போட்டிருக்காருடா உனக்கு'ன்னு அழுதுட்டா."

ஓரத்தில் நீலம் ஈஷியிருந்தது. முத்திரை மையும் தேய்த்தால் கலையும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

சொல்லியிருக்கலாம். பட்டியலின் எண்ணைத்தான் சொல்லக் கூடாது. கடிதம் எல்லோருக்கும் போனது என்று சொல்வதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. 'அது நான் எழுதினது டேரல், அறுபத்தொரு பேருக்கும் போச்சு' என்று ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. எட்டு மாதத்தில் அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. நான் கோழை. அதை வேறு எந்த நல்ல பெயராலும் அழைக்க எனக்கு விருப்பமில்லை.

"கடுதாசியெல்லாம் நம்பாதேப்பா," என்று மட்டும் சொன்னேன். "கடுதாசி கடுதாசிதான்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "கூட்டத்துல நீங்க இருந்தீங்கள்ல?"

"சொல்லக் கூடாது டேரல்."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். விஸ்கான்சினில் வளர்ந்தவர்களுக்கு இது ஒரு வியாதி. துக்க வீடானாலும் சரி, கார் மோதினாலும் சரி, வாயில் வார்த்தை வராவிட்டால் சிரித்து வைப்போம். அவனும் இதே ஊர்க்காரன்தான், அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

"புரிஞ்சிடுச்சு, புரிஞ்சிடுச்சு. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்." எழுந்து டப்பாவை மூடினான். "உங்க வேலைக்கு ஆபத்து வர்ற மாதிரி நான் எதுவும் கேக்கலை."

மறுநாள் எலும்பு சிகிச்சை இடங்கள் மூன்றை மட்டும் எழுதிப் பட்டியலைப் பூட்டிவிட்டதாகச் சொன்னான். நான் தலையாட்டினேன்.

மார்ச் மூன்றாம் வாரம் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரண்டு தரப்புக்கும் செய்தி வரும். எங்கள் ஐந்து இடங்களும் நிரம்பிவிட்டன என்று எனக்கு வந்தது. பக்கத்து அறையில் சத்தமே இல்லை. பத்து நிமிடம் கழித்து டேரல் வந்து கதவில் சாய்ந்து நின்றான். அனுமதி கேட்கவில்லை. கைபேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினான். வருந்துகிறோம், எந்த இடத்துக்கும் நீங்கள் பொருந்தவில்லை.

"ஜோலீனுக்கு எப்படிச் சொல்றது மார்லா?"

எழுந்து போய் அவனைக் கட்டிக்கொண்டேன்.

அந்த வாரம் நாலு நாள், எங்கெங்கோ மிச்சமாகிப் போன இடங்களுக்கு அவசரமாக விண்ணப்பிக்கலாம். யாரையும் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கக் கூடாது. நாற்பத்தைந்து இடத்துக்குப் போட்டான். எலும்பில் மிச்சம் எதுவும் இல்லை. குடும்ப மருத்துவம், ஓராண்டு அறுவை சிகிச்சை வேலை என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் போட்டான். ரைன்லேண்டர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அங்கே எல்லா இடமும் நிரம்பியிருந்தது. வியாழக்கிழமை ஒவ்வொரு சுற்றாக அழைப்பு வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் அவன் என் அறையில் வந்து உட்கார்ந்தான். தனியாக அந்த ஜன்னலில்லாத அறையில் இருக்க முடியவில்லை என்றான். கடைசிச் சுற்றும் முடிந்தது. கைபேசி வாயைத் திறக்கவில்லை.

அப்போது டாக்டர் ஹெல்ஸ்ட்ரம் எட்டிப் பார்த்தார். உண்மையாகவே வருத்தத்தோடுதான் வந்தார். அவன் தோளைத் தட்டினார்.

"டேரல், இன்னொரு வருஷம் எங்ககூட இரு. முழங்கால் எக்ஸ்ரே ரெண்டாயிரம் இருக்கு. அடுத்த தடவைக்கு உன் விண்ணப்பம் இன்னும் பலமா இருக்கும்."

"ரொம்ப நன்றி டாக்டர்," என்றான் டேரல். எனக்கு அங்கேயே அழுகை வந்தது.

அவர் போனதும் டேரல் என்னைப் பார்த்தான். "நான் என்ன தப்பு பண்ணேன் மார்லா? அந்தக் கடுதாசிக்கும் பட்டியல் பூட்டினதுக்கும் நடுவுல என்ன ஆச்சு? ஏதாவது படத்துல தப்பா அளந்துட்டேனா? எதுல அவரு மனசு மாறிச்சு? அது தெரிஞ்சா திருத்திக்கலாம்ல."

பிப்ரவரியில் அளந்த படங்களையெல்லாம் திரும்ப எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறானாம். அதைக் கேட்ட பிறகு எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். கடிதத்தை நான் எழுதியது, முத்திரை, பொத்தான், வரி குட்டையாக இருந்தது, எல்லாவற்றையும்.



"அறுபத்தொரு பேருக்குமா?"

"ஆமாம்பா."

"எல்லாருக்கும் 'மிக'வா?"

"எல்லாருக்கும்தான்."

திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நான் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன். அவன் கையிரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"ஜோலீன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க," என்றான். "டாக்டரு என்னை எடுக்கத்தான் நெனச்சாரு, கடைசியில யாரோ கெடுத்துட்டாங்கன்னு அவ நம்பிக்கிட்டு இருக்கா. அவ அம்மாவை விட்டா, வேலையை விட்டா. வெறும் கடுதாசிக்காகன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா."

சரி என்றேன்.

ஏப்ரலில் என்னைப் போன்ற பயிற்சி அலுவலகக்காரர்களின் கூட்டம் ஒன்று மேடிசன் நகரத்தில் நடந்தது. அங்கே ரைன்லேண்டர் பக்கத்து மருத்துவமனையில் என்னைப்போல வேலை பார்ப்பவள் சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்க ஆளு வோய்சிக் எங்களை ஏன் எழுதவே இல்லை? நாங்க ரெண்டாவதா வெச்சிருந்தோம்!" என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு உருளைக்கிழங்கைச் சாப்பிட்டாள். இத்தனை வருடம் நான் பயந்து நடுங்கிய விதியை அவள் ஒரு வாய் உருளைக்கிழங்கோடு முழுங்கிவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை என் மேசைத் தொலைபேசி அடித்தது. ஜோலீன். டேரல் பக்கத்து அறையில் முழங்கால் அளந்துகொண்டிருந்தான். அவனுக்குத் தெரியாமல் கூப்பிடுவதாகச் சொன்னாள்.

"மார்லா, ஒரே ஒரு கேள்வி. அந்தக் கூட்டத்துல நீங்கதானே உக்காந்திருந்தீங்க? டாக்டரு அவனுக்காகப் பேசினாரா? யாரு கெடுத்தா? பேரு வேண்டாம். பேசினாரான்னு மட்டும் சொல்லுங்க. அது போதும் எனக்கு. அப்பதான் இன்னொரு வருஷம் இங்கேயே இருன்னு நான் அவன்கிட்ட சொல்ல முடியும். இல்லைன்னா இப்பவே கிளம்பி எங்க ஊருக்குப் போயிடுவோம்."

'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் போய்விடுவார்கள். அம்மாவிடம் போவார்கள், அடுத்த மார்ச்சில் அந்த ஊருக்கே எழுதுவார்கள், அவன் டாக்டராவான். சொன்னால் அவனுக்குக் கொடுத்த வாக்கும் போகும், என் வேலையும் போகும். சுவருக்கு அந்தப் பக்கம் அவனுடைய நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா," என்றேன். பழக்கதோஷத்தில் குரலில் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தப் பக்கம் அவள் மூச்சை இழுத்துவிட்டாள்.

"போதும் மார்லா, புரிஞ்சிடுச்சு. ரொம்ப நன்றி," என்றாள் ஜோலீன். "இன்னொரு வருஷம் இருக்கோம்."